மூட்டை சுமக்கிற பந்தயக் கார்

கார் ஒரு தடவை சுற்றினால் விதி என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதே வளைவில், அதே மாதிரி, அடுத்த பந்தயத்திலும் சுற்றினால் சனம் விதியைப் பற்றிப் பேசாது. ஓட்டினவளைப் பற்றித்தான் பேசும். பேசியது. திங்கட்கிழமை வத்தேகமச் சந்தையில் பஸ்லினா தேங்காய் வாங்கப் போனபோது தேங்காய்க்காரருக்கே விஷயம் எட்டியிருந்தது. "பம்பரமா சுத்தினீங்களாமே மகள்" என்று கேட்டதோடு விட்டாரா? கையிலிருந்த தேங்காயைப் பலகையில் ஒரு சுற்றுச் சுற்றியும் காட்டினார். பஸ்லினா அந்தத் தேங்காயையே காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தாள்.

அவளுக்குப் பல்லேகலயில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. சட்டையில் தையல் பிசகியிருந்தால் அது எந்த மெஷினில், எந்த ஊசியில் பிசகியது என்று பின்னோக்கித் தேடிப் போகவேண்டும். அவளுடைய வாப்பா ஹலீம் ஹாஜியாருக்கு வத்தேகம பஸாரில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கிற கடை. வீட்டுக்கு இருப்பது ஒரே கார், பழைய வெள்ளை ஸ்டார்லெட். கிழமை நாட்களில் அது விடிந்ததும் வாப்பாவின் மூட்டைகளைக் கண்டி டவுனில் இறக்கும். பிறகு பஸ்லினாவை வேலைக்குக் கொண்டுபோகும். பின்னேரம் உம்மாவைக் கல்யாண வீடு, சாவு விழுந்த மையித்து வீடு என்று ஏற்றி இறக்கும். இவ்வளவும் போதாதென்று, குருநாகல் பக்கத்து ஓட்டத்தளத்தில் பந்தயம் வைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பந்தயமும் ஓடும். அந்தக் காருக்கு வாயிருந்தால் எப்போதோ தொழிற்சங்கம் வைத்திருக்கும்.

அன்றிரவுச் சாப்பாட்டில் வாப்பாவின் விசாரணை நடந்தது.

"பின்பக்கம் வழுக்குது வாப்பா," என்றாள் பஸ்லினா. "நான் ஸ்டியரிங்க ஒழுங்காத்தான் புடிச்ச."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ண்டு சொன்னாளாம்." வாப்பா சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். "கம்பளையில லேனர்ஸ் ஸ்கூல் நடத்துற ரிஸ்மி, ஓட்டிப் பழக்கப் பழைய கார் ஒண்டு தேடுறான். நல்ல விலைக்குக் கேட்டீக்கிறான். இன்னொருக்கா இது சுத்திச்சிண்டா அவனுக்குக் குடுத்துடுவேன். எனக்கு மகளும் வேணும், மானமும் வேணும்."

"சுத்தாட்டி?"

வாப்பா நிமிர்ந்து பார்த்தார். இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. வியாபாரி அல்லவா, கேட்டதற்கு ஒரு பதில் சொல்லாமல் விடமாட்டார். "சுத்தாட்டி கார் உனக்கு. நான் வாயே தொறக்க மாட்டேன்."

"எல்லா ஊட்டுலயும் குமருக்கு மாப்புள பேசுறாங்க," என்றார் உம்மா றம்லத், கறிச்சட்டியை நகர்த்தி வைத்தபடி. "எங்கட ஊட்டுல காருக்குப் பேசுறாங்க."

கழுத்தில் எல் போர்டைத் தொங்கவிட்டுக்கொண்டு, கம்பளை வீதியில் விக்கி விக்கிப் போகிற தன் காரைப் பஸ்லினா நினைத்துப் பார்த்தாள். சோறு இறங்கவில்லை. இல்லை, அது நடக்காது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தாள்.

முடிவெடுப்பது சுலபம். காரின் சஸ்பென்ஷனில் எதை முதலில் மாற்றுவது என்பதுதான் தலையைத் தின்றது. வேலை செய்கிற இடத்துச் சீட்டு அந்த மாதம் அவளுக்கு விழுந்திருந்தது. அதை உம்மா மனதுக்குள் காப்பாக அடித்துக் கையில் போட்டும் பார்த்துவிட்டார். அந்தக் காசில் எல்லாவற்றையும் மாற்ற முடியாது. ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விடவேண்டும். பிழையானதை எடுத்தால் கார் ரிஸ்மிக்கு.

கருத்துச் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? யதுர்சன் முதல் ஆளாக வந்தான். பல்லேகலயில் பக்கத்துத் தொழிற்சாலையில் பொறியியலாளர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, அவளோடு ஒரே பிரிவில் பந்தயம் ஓடுகிறவன். தேநீர்க் கடையில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தொடங்கினான்.

"என்ரை பழைய கொய்லோவர், ஸ்பிரிங்கும் ஷொக்கும் சேர்ந்த செட், சும்மா கிடக்குது. உயரமும் இறுக்கமும் திருகித் திருகி மாத்தலாம். பாதி விலைக்குத் தாறன். காரை ரெண்டு விரல் பதிச்சு, நல்லா இறுக்கி விட்டால் அசையாது."

"ரெண்டு விரல் பதிச்சா, வாப்பாட மூட்டய ஏத்தின பொறகு அது வயித்தாலதான் தவழும் யது."

"மூட்டையை வேற ஆரையும் ஏத்தச் சொல்லுங்கோவன்."

"அத நீங்களே வந்து எங்கட வாப்பாட்ட சொல்லுங்க."

யதுர்சன் மிச்சத் தேநீரை ஒரே மடக்கில் குடித்து முடித்தான். ஹலீம் ஹாஜியாரை அவனுக்கும் தெரியும்.

பஸ்லினா தனக்குத் தெரிந்த வழியிலேயே போனாள், பின்னோக்கி. ரோட்டைத் தொடுவது எது? டயர். மற்ற எல்லாம், ஸ்பிரிங்காகட்டும் அதன் துள்ளலை அடக்குகிற ஷொக்காகட்டும், டயரை ரோட்டில் பிடித்து வைத்திருப்பதற்காகவே இருக்கின்றன. அப்படியானால் டயர்தான் முதல். டயரைப் பிடித்திருக்கிற கைகளின் மூட்டுகளில் புஷ் என்று சொல்கிற ரப்பர் உருளைகள் உண்டு. அவை பிய்ந்திருந்தால் மேலே எதைப் பூட்டினாலும் வீண். ஆகவே அவை இரண்டாவது. பிறகு சக்கரங்களை நேர் பார்த்துச் சரிசெய்கிற எலைன்மன்ட். அதற்கும் மேல் காசு மிஞ்சினால் ஷொக். பளபளக்கிற சாமான்கள் எல்லாம் கடைசி. ஓட்டத்தளத்தில் பாதிப் பேர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்துவிட்டுத்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். திரியட்டும். அவர்களுடைய வாப்பாமார் கார் விற்கப் போவதில்லை.

ஹந்தானை ஏற்றத்தின் அடியில் சிவமணியின் கராஜ். புஷ் அதிகம் தேய்வது முன்பக்கத்தில்தான் என்று அவள் அங்கேயே வேலை சொன்னாள். அவன் முன்பக்கத்தைக் கழற்றியதும் பழைய புஷ்கள் ஊறின பிஸ்கட்டாகக் கையோடு வந்தன. புதிதாக அடித்தான். நாலு டயரும் புதிது. எலைன்மன்டும் முடிந்தது, காசும் முடிந்தது. ஷொக்குக்கு மிஞ்சவில்லை. உம்மாவின் மனக்காப்பு உருகி ஓடிப் போனது.

அடுத்து நடந்ததுதான் அநியாயம். கார் முன்னைவிட மோசமானது.

முன்பக்கம் சொன்ன சொல் கேட்டது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் திரும்பியது. ஆனால் பின்பக்கம் அப்படியே இருந்தது. முன்பக்கம் கெட்டியாகப் பிடிக்கப் பிடிக்க, பின்பக்கம் இன்னும் சுலபமாக வெளியே துள்ளப் பார்த்தது. வேலை முடிந்து வரும்போது குண்டசாலைப் பக்கத்தில், மழை ஈரத்தில், சாதாரண வேகத்திலேயே ஒருமுறை வால் ஆடியது. மிச்ச வழி முழுவதும் சைக்கிள்களுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தாள். பந்தயத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான். இருந்த காசையெல்லாம் கொட்டி, சுற்றுகிற காரை நன்றாகச் சுற்றுகிற காராக்கி வைத்திருக்கிறோமா? அன்றைக்கு அவள் வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து, யதுர்சனுக்குத் தொலைபேசி எடுத்து, கொய்லோவருக்குத் தவணை முறையில் காசு தரலாமா என்று கேட்டாள்.

"ஓம், பிரச்சினை இல்லை," என்றான் அவன். "சனிக்கிழமை கொண்டு வாறன்."

வெள்ளிக்கிழமை விடியற்காலை கராம்பு மூட்டைகள் டிக்கியிலும் பின் சீட்டிலுமாக ஏறின. சீசன் தொடங்கிவிட்டதால் வழக்கத்தைவிடச் சுமை கூட. மடவளைக்கு அப்பால் இறக்கத்தில் ஒரு வளைவு. மழை பெய்துகொண்டிருந்தது. வளைவின் நடுவில் பால் வேன் ஒன்று திடீரென்று நின்றுவிட, பஸ்லினா அக்சிலேட்டரிலிருந்து காலை வெடுக்கென்று எடுத்தாள். எடுத்த பிறகுதான் நினைவு வந்தது. ஓட்டத்தளத்தில் கார் சுற்றிய இரண்டு தடவையும் வளைவுக்குள் இப்படிப் பயந்து காலை எடுத்தபோதுதான் சுற்றியது.

கார் சுற்றவில்லை. உட்கார்ந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்து, அமைதியாக வளைந்து போனது.

மூட்டைகளை டவுனில் இறக்கினாள். பல்லேகல பக்கம் திரும்பவேண்டிய இடத்தில் திரும்பவில்லை. வேலைக்குப் பிந்தினாலும் பரவாயில்லை என்று வந்த வழியே மடவளைக்குப் போனாள். அதே இறக்கம், அதே வளைவு, அதே மழை. இப்போது கார் வெறுமை. பின்னால் ஒருவரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, முன்னதைவிட மெதுவாகவே போய், காலை மெல்ல எடுத்தாள். வால் டக்கென்று துள்ளியது.

காரை ஓரங்கட்டினாள். இறங்கிப் போய் டிக்கியின் மேல் இரண்டு கையையும் ஊன்றித் தன் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினாள். ஒரு கார் என்றால் கொஞ்சமாவது பதிய வேண்டும். இது கல்லுப் போல் நின்றது. முந்தானையைத் தலையோடு இறுக்கிக்கொண்டு, நனைந்த தாரில் மண்டியிட்டு, சில்லுக்கு மேலே கையை விட்டுத் துழாவினாள். ஸ்பிரிங்கின் சுருள்களுக்கு இடையில் சேறு. சேற்றை வழித்தாள். சேற்றுக்குள் உள்ளங்கை அளவில் கறுத்த ரப்பர் கட்டை ஒன்று, சுருள்களை நெருங்கவிடாமல் இறுகப் பிடித்துக்கொண்டு இருந்தது. மற்றப் பக்கமும் ஒன்று.

மூட்டை ஏற்றினால் மட்டும் கொஞ்சம் வேலை செய்கிற ஸ்பிரிங்! வெறுங்காராக ஓடும்போது பின்பக்கத்துக்கு ஸ்பிரிங்கே இல்லை என்றுதான் அர்த்தம். பந்தயத்துக்குப் போகும்போது பாரம் குறையட்டும் என்று அவள் ஸ்டெப்னி டயரைக்கூடக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போவாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தது போதாதென்று, அந்த வெண்ணெயிலேயே வழுக்கியும் விழுந்திருக்கிறாள்.

நேரே சிவமணியிடம் போனாள்.

"ஆமாங்க மிஸ், நான்தான் போட்டேன்," என்றான் அவன் சாதாரணமாக. "போன கராம்பு சீசனுக்கு முந்தின சீசன்ல ஹாஜியார் வந்து, டிக்கி தொங்குது, பாக்க அசிங்கமா இருக்குதுன்னாங்க. போட்டுக் குடுத்தேன்."

"இந்த முறை கார் கொண்டு வந்தப்போ ஒரு வார்த்த சொல்லியீக்கலாமே!"

"முன்னுக்குத்தானுங்களே வேலை சொன்னீங்க. இந்தப் பக்கம் ரப்பர் இல்லாத காரு எது மிஸ்? மூட்டை ஏத்தாத காரு எது? உங்களுக்குத் தெரியும்னு நெனச்சிட்டேன்."

அவனைக் கோபித்து என்ன செய்ய? அவன் சொன்னது உண்மைதான். மலைப்பக்கத்தில் காரும் ஒரு குட்டி லொறிதான். யதுர்சனுக்குப் பேசி, கொய்லோவர் வேண்டாம் என்றாள். அவன் பாவம், ஒன்றும் புரியாமல் "சரி" என்றான்.

வாப்பாவுக்கும் ஒன்றும் புரியவில்லை. புரிந்துகொள்ளவும் அவர் தயாராக இல்லை.

"ஒரு துண்டு ரப்பரா இவ்வளவு பெரிய காரச் சுத்த வெச்ச? நல்ல கதை."

"அதுதான் வாப்பா. நீங்க என்னட்ட ஒரு வார்த்த சொல்லல்லயே."

"சொல்ல அதுல என்ன ஈக்குது? நான் மூட்டைக்குப் போட்ட. கராம்பு சீசன் தொடங்கிட்டு, இப்ப அத எடுக்க ஏலா. எடுத்தா டிக்கி ரோட்டுல இழுபடும்."

இரண்டு பேர் சொல்வதும் நியாயம் என்பதுதான் அந்த வீட்டின் தொல்லை. பஸ்லினா நாட்களை விரல்விட்டு எண்ணினாள். பிறகு சொன்னாள்:

"சனிக்கிழம பின்னேரம் நான் கழட்டுவேன். திங்கக்கிழம விடியச் சுபஹ் தொழுத பொறகு நானே திரும்பப் போடுவேன். உங்கட மூட்டைக்கு ஒரு குறையும் வராது."

"பந்தயத்துக்கு மட்டுமா?"

"இல்ல, ஒவ்வொரு கிழமயும். வெறுங்கார ஓட்டிப் பழகோணும்."

"ஒவ்வொரு கிழமயும்!" வாப்பா சிரித்துவிட்டார். "செய்து காட்டு."

செய்தாள். முதல் சனிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுத் தொடங்கிய வேலை, அந்தியில் மகரிபு பாங்கு கேட்கும்போதும் முடியவில்லை. ஜாக்கியில் காரைத் தூக்கி, சில்லைக் கழற்றி, தொங்குகிற ஸ்பிரிங்கில் சவர்க்காரத் தண்ணீரை ஊற்றி, ரப்பரைத் திருகித் திருகி இழுக்கவேண்டும். காலகாலமாக இறுகிக் கிடந்தது அவ்வளவு சீக்கிரம் அசையுமா? விரல் கணுக்கள் உரிந்தன. உம்மா கோப்பையில் சவர்க்காரத் தண்ணீரைக் கரைத்துக்கொண்டு வந்து, திட்டிக்கொண்டே ஊற்றினார். "காப்புப் போடவேண்டிய கை இது. பாரு, ஈய வேலை செய்யிறவன்ட கை மாதிரி ஈக்குது." திட்டினாலும் கோப்பை காலியாகக் காலியாக நிரப்பிக்கொண்டுதான் இருந்தார். கடைசியில் ரப்பர் பிதுங்கி வெளியே வந்து தரையில் துள்ளி விழுந்தபோது, உம்மாதான் முதலில் "அல்ஹம்துலில்லாஹ்" என்று கத்தினார். பஸ்லினாவுக்கு அந்த நிமிஷம் உம்மாவைக் கட்டிப் பிடிக்கவேண்டும் போலிருந்தது. கை முழுக்கச் சேறும் சவர்க்காரமும் என்பதால் விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை விடியலில் திரும்பப் போட்டாள். அடுத்த சனி கழற்றினாள். மூன்றாவது கிழமைக்குள், உம்மாவின் சோறு வேகிற நேரத்தில் இரண்டு பக்கத்தையும் முடிக்கிற கை வந்துவிட்டது. வாப்பா ஜன்னலோரம் நின்று பார்ப்பார். ஒருநாள் மட்டும், மழையில் நனைந்துகொண்டு அவள் சில்லைப் பூட்டியபோது, கடைக் குடையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். மூட்டையேற்ற அவள் ஒரு திங்கட்கிழமையும் பிந்தவில்லை.

பந்தய நாளில் வாப்பாவும் வந்தார். இதற்கு முன் ஒரு தடவையும் வராத மனிதர். தனியாக வந்தாரா? பக்கத்தில் ரிஸ்மி, பெருநாளுக்கு உடுத்தது போல் உடுத்துக்கொண்டு. சுற்றினால் அங்கேயே விலையை முடித்து, காரைக் கையோடு கொண்டுபோகிற உத்தேசம். இருவரும் போய் நின்ற இடம் வேறு எங்கே? கார் இரண்டு தடவையும் சுற்றிய அதே வளைவின் கம்பி வேலிக்கு அருகில். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பது இதுதான் போல என்று எண்ணியபடி பஸ்லினா ஹெல்மட்டைப் போட்டுக்கொண்டாள்.

ஓட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் தூறல் விழுந்தது. அவளுக்கு முன்னால் யதுர்சனின் நீலக் கார், தரையோடு தரையாகப் பதிந்து, பார்க்க அழகாக ஓடிக்கொண்டிருந்தது. உலர்ந்த தளத்தில் அவனைப் பிடிக்க முடியாது. ஈரத்தில் அவனுடைய இறுக்கம் அவனுக்கே எதிரியாகியது. தளத்தின் சின்னச் சின்ன மேடுகளில் அவன் கார் தத்தித் தத்திப் போனது. அவள் நெருங்கினாள்.

கடைசிச் சுற்று. அந்த வளைவு. உள்ளே நுழைந்ததும் யதுர்சனின் கார் ஒரு மேட்டில் துள்ளி, வழுக்கி, வெளிப்பக்கமாக அகன்றது. அவளுக்கு முன்னால் ஈரத் தளமும் அகலத் திறந்த வழியும். உடம்பு முழுவதும் ஒரே வார்த்தையைக் கத்தியது: காலை எடு. வேலியோரம் வாப்பாவின் வெள்ளைத் தொப்பி கண்ணில் பட்டது. எடுத்தால், இரண்டு தடவை நடந்தது மூன்றாவது தடவையும் நடக்கலாம். எடுக்காவிட்டால், உரிந்த விரல்களோடு தான் செய்த வேலையை நம்பவேண்டும். அவ்வளவுதான் விஷயம். டயரை நம்ப வேண்டும், புஷ்ஷை நம்ப வேண்டும், அந்த ரப்பர் இல்லாத இடத்தை நம்ப வேண்டும்.

"பிஸ்மில்லாஹ்," என்றாள். காலை எடுக்கவில்லை.

பின்பக்கம் மெல்லப் பதிந்தது. கராம்பு மூட்டை ஏற்றிய அந்த வெள்ளிக்கிழமை உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்தது. கார் வளைவை முழுதாக வளைந்து, நீலக் காரைத் தாண்டி, நேர்த் தளத்துக்கு வந்தது. ஹெல்மட்டுக்குள் அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள், அழவும் செய்தாள்.

மூன்றாவது இடம். அதற்கு மேல் போக அந்தக் காரின் எஞ்சினுக்கு வலு இல்லை. யதுர்சன் வந்து கை கொடுத்தான். "என்ரையைக் கொஞ்சம் இளக்கிப் பார்க்கவேணும் போல," என்றான் தலையைச் சொறிந்துகொண்டு. ரிஸ்மி எப்போது போனான் என்று ஒருவரும் பார்க்கவில்லை. வாப்பா காரில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வீடு திரும்பும் வழியில், கலகெதரை வளைவுகளில் இரண்டு முறை "மெதுவா" என்றார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. வாக்கை மறந்துவிட்டாரோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. கேட்கத் தன்மானம் விடவில்லை.

திங்கட்கிழமை சுபஹ் தொழுத கையோடு, ஜாக்கியும் சவர்க்காரத் தண்ணீருமாக வெளியே வந்தாள். ரப்பர் கட்டைகளை வைத்த பெட்டி வெறுமையாக இருந்தது. வாசலில் இருக்கவேண்டிய மூட்டைகளையும் காணவில்லை. வாப்பா முன்னமே கடைக்குப் போய்விட்டதாக உம்மா சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, "எனக்கென்ன தெரியும்" என்று அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

பஸ்லினா கடைக்குக் காரை விட்டாள். கடை வாசலில் ஒரு திரீவீலில் கடைசி மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. வாப்பா உள்ளே தராசுக்குப் பக்கத்தில் நின்றார்.

"வாப்பா, ரப்பர் ரெண்டையும் காணல்ல."

வாப்பா நாடியால் மூலையைக் காட்டினார். கணக்குப் புத்தகங்கள் வைக்கிற பழைய மர அலுமாரி. அதன் முன்னங்கால்கள் இரண்டுக்கும் அடியில், சேறு கழுவி, துடைத்து, பக்கத்துக்கு ஒன்றாக அந்தக் கறுத்த ரப்பர் கட்டைகள்.

"அலுமாரி ஆடுது மகள்," என்றார் வாப்பா. "இந்தக் கூடம் கோணல்தான். நான்தான் பாக்கல்ல." தராசின் தட்டைத் துணியால் துடைக்கத் தொடங்கினார். "இனி மூட்ட திரீவீல்ல போகும். அந்தக் கார்ல இனி எனக்கு வேல இல்ல."

பஸ்லினா அலுமாரிக்குப் பக்கத்தில் போனாள். உரிந்து காய்ந்த விரல்களை அதன் மேல் வைத்து ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்தாள். அது அசையவில்லை.